யூனிக்ஸ் கணினியிலிருந்து செல்பேசிக்கு: தமிழ்க் கோப்புப் பரிமாற்ற வரலாற்றில் கோவை ஆணையின் (2010) இடம்

ஆய்வுச்சுருக்கம்

கணினியிலிருந்து செல்பேசிக்குக் கோப்புகளை அனுப்பும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் கம்பி, புளூடூத், நினைவட்டை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கோப்பு சென்று சேர்ந்த பின்னும் எழுத்து சென்று சேரவில்லை. லினக்ஸ் முதலான யூனிக்ஸ் மரபுக் கணினிகளில் உருவான தமிழ்க் கோப்புகள் செல்பேசியை அடைந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. 2010இல் கோவை மாநாட்டை ஒட்டி வெளிவந்த அரசாணை ஏற்றுக்கொண்ட இரு குறியாக்கங்களுள் ஒன்று மட்டும் செல்பேசிக்குள் நுழைந்தது. அதற்கான காரணம் செல்பேசியின் எழுத்துரு அமைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கோப்புப் பரிமாற்றம், யூனிக்ஸ், லினக்ஸ், செல்பேசி, ஒருங்குறி, திஸ்கி, டேஸ்-16, கோயம்புத்தூர்.

முன்னுரை

2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் இணைந்து உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாட்டின் தொடக்க நாளாகிய ஜூன் 23ஆம் தேதியிட்டுத் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் துறை ஓர் ஆணையை வெளியிட்டது. 1999 முதல் அரசின் தரமாக இருந்துவந்த டேம், டேப் ஆகிய 8 பிட் குறியாக்கங்களின் இடத்தில் ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் அவ்வாணை நிறுவியது. ஒருங்குறி இயங்கும் இடங்களில் ஒருங்குறியைப் பயன்படுத்த வேண்டும்; அது போதிய அளவு இயங்காத இடங்களில், குறிப்பாக அச்சு, பதிப்புப் பணிகளில், டேஸ்-16ஐப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஆணை சென்னைத் தலைமைச் செயலகத்தைச் சேர்ந்ததாயினும் மாநாட்டை ஒட்டிப் பிறந்தமையால் இக்கட்டுரையில் ‘கோவை ஆணை’ எனச் சுட்டப்படுகிறது.

அவ்வாணை வெளிவந்த காலம் கருதத்தக்கது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்துடன் கூடிய முதல் செல்பேசி 2008இல் விற்பனைக்கு வந்திருந்தது. கொங்கு நாட்டுக் கடைத்தெருக்களில் அப்போது மிகுதியாக விற்றவை விசைப்பலகை கொண்ட எளிய செல்பேசிகளே. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ் படிப்பதற்குரிய முதன்மைக் கருவியாகச் செல்பேசி மாறவிருந்தது. ஆணையோ கணினியையும் அச்சகத்தையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இந்த இடைவெளியே இங்கு ஆய்வுப்பொருளாகிறது.

யூனிக்ஸ் மரபில் எழுத்து

1969இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ், கோப்பை எவ்வகைப் பொருளும் சாராத பைட்டுகளின் வரிசையாகவே கருதியது. ஒரு கோப்பில் உள்ளது தமிழா, ஆங்கிலமா, படமா என்பதை இயங்குதளம் அறியாது. அறிய முற்படுவதும் இல்லை. கோப்பின் பெயரும் அவ்வாறே. சாய்கோட்டுக்குரிய பைட்டும் சுழியப் பைட்டும் பெயரில் வரக்கூடாது என்பது ஒன்றே விதி. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இம்மரபைப் பின்பற்றியது.

இந்த அலட்சியம் தமிழுக்கு நன்மையாகவே முடிந்தது. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தபோது, பிற மொழி எழுத்துகளுக்கான பைட்டுகளுள் சாய்கோடோ சுழியமோ ஒருபோதும் இடம்பெறாதவாறு அமைத்தனர். ஆகவே யூனிக்ஸின் உட்கருவில் ஒரு வரியும் மாற்றாமல் தமிழில் கோப்புக்குப் பெயரிட முடிந்தது. 2002இல் வெளிவந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 யுடிஎஃப்-8ஐ இயல்புநிலையாக்கியது. பிற லினக்ஸ் வெளியீடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழிக்கு வந்தன.

ஆனால் அக்காலத் தமிழ்க் கோப்புகள் ஒருங்குறியில் இல்லை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் திஸ்கி என்னும் 8 பிட் குறியாக்கத்தையே கையாண்டது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் டேப், வானவில் முதலியவற்றையும் அச்சகங்கள் பாமினி முதலியவற்றையும் கொண்டிருந்தன. ஒரே சொல் ஒவ்வோர் ஏற்பாட்டிலும் வெவ்வேறு பைட்டு வரிசையாக அமைந்தது.

‘கோவை’ என்னும் சொல்லைக் காட்டாகக் கொள்ளலாம். திஸ்கியில் இது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்படும்: இரட்டைக் கொம்பு, ககரம், கால், ஐகாரக் குறி, வகரம் என 5 பைட்டுகள். ஒருங்குறியில் ஒலி வரிசை பின்பற்றப்படும்: ககரம், ஓகாரக் குறி, வகரம், ஐகாரக் குறி என 4 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 12 பைட்டுகள். டேஸ்-16இல் ‘கோ’, ‘வை’ என இரண்டே குறியீடுகள், 4 பைட்டுகள். ஆகவே திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவது எண்ணுக்கு எண் பதிலிடும் வேலையன்று. எழுத்துகளின் இடத்தையும் மாற்ற வேண்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியில் 2002ஆம் ஆண்டு இதற்கான பகுதி சேர்க்கப்பட்டது. அதன் பின் ‘ஐகான்வ்’ என்னும் ஒரே கட்டளையில் திஸ்கிக் கோப்பை ஒருங்குறிக் கோப்பாக மாற்ற இயன்றது. அரசு ஏற்ற டேப், டேம் ஆகியவற்றுக்கு அத்தகைய இடம் அந்நூலகத்தில் கிடைக்கவில்லை. மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசிய ஆர்வலர்களின் குறியாக்கம் யூனிக்ஸில் நிலைபெற, அரசின் குறியாக்கம் வெளியில் நின்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பெயர் முந்தியது

லினக்ஸ் கணினியிலிருந்து செல்பேசிக்குக் கோப்பை அனுப்ப 2000களில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நோக்கியா முதலிய செல்பேசிகளுடன் கம்பி வழியாகவோ அகச்சிவப்பு வழியாகவோ பேசும் நோக்கி (ஆங்கிலத்தில் முன்னால் ஜி எழுத்துடன் எழுதப்படுவது), காமு ஆகிய கட்டற்ற மென்பொருள்கள். இரண்டாவது, புளூடூத் வழியாக அனுப்புதல். இதற்கு அகச்சிவப்புக் காலத்திலேயே வகுக்கப்பட்ட ஓபெக்ஸ் நெறிமுறை பயன்பட்டது. மூன்றாவது, செல்பேசியின் நினைவட்டையைக் கழற்றிக் கணினியில் செருகி நேரடியாகப் படியெடுத்தல். நடைமுறையில் மூன்றாவதே பெருவழக்காயிற்று. பாட்டு ஏற்றித் தரும் செல்பேசிக் கடைகள் பலவற்றின் பிழைப்பே அந்த அட்டையை நம்பியிருந்தது.

இவ்வழிகளைக் கூர்ந்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஓபெக்ஸ் நெறிமுறையில் கோப்பின் பெயர் 16 பிட் ஒருங்குறியில் செல்ல வேண்டும் என்பது விதி. நினைவட்டைகளில் உள்ள ஃபேட் அமைப்பும் விண்டோஸ் 95 காலம் முதல் நீண்ட பெயர்களை 16 பிட் ஒருங்குறியிலேயே சேமிக்கிறது. பின்னாளில் ஆண்ட்ராய்டு செல்பேசிகள் கைக்கொண்ட எம்டிபி நெறிமுறையும் அவ்வாறே. அதாவது, தமிழ்நாட்டில் குறியாக்கப் போட்டி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, செல்பேசிக்குச் செல்லும் வாயில்களில் கோப்பின் பெயர் ஒருங்குறியில் இருந்தாக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. திஸ்கியில் பெயரிடப்பட்ட கோப்பை யூனிக்ஸ் மறுப்பின்றி ஏற்கும். அதே கோப்பு அட்டைக்குச் செல்லும்போது பெயரிலுள்ள பைட்டுகள் ஐரோப்பிய எழுத்துகளாகத் திரியும், அல்லது படியெடுப்பே மறுக்கப்படும். யுடிஎஃப்-8இல் பெயரிடப்பட்ட கோப்பும் அட்டையை உரிய அமைப்புடன் இணைத்தால்தான் பிழையின்றிச் சேரும்.

இதன் விளைவு எளிய பழக்கமாக நிலைத்தது: தமிழ் நூலுக்கு ஆங்கில எழுத்தில் பெயர். மதுரைத் திட்டம் தன் கோப்புகளுக்கு இலத்தீன் எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர்களையே இட்டது. அது வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆயினும் இன்றும் தமிழில் ஆய்வேடு எழுதுவோர் பலர் அதன் கோப்புக்கு ஆங்கில எழுத்திலேயே பெயரிடுவதைக் காணலாம்.

இன்னொரு தடையும் உண்டு. லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு கோப்புப் பெயரின் பேரளவு 255 பைட்டுகள். ஆங்கிலத்திற்கு இது 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் 85 குறியீடுகளே அடங்கும். ‘கோயம்புத்தூர்’ என்னும் 7 எழுத்துச் சொல்லுக்கு 13 குறியீடுகள் தேவை. அவ்விகிதத்தில் பெயர் ஏறத்தாழ 45 எழுத்துகளில் நின்றுவிடும். ஃபேட் அட்டையிலோ 255 குறியீடுகள் வரை செல்லும். எனவே அட்டையில் இடம்பெற்ற நீண்ட தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பை லினக்ஸ் கணினிக்குத் திரும்ப எடுக்க முற்படும்போது ‘பெயர் மிக நீளம்’ என்னும் மறுப்பு எழுகிறது. போகும் வழியில் இல்லாத தடை வரும் வழியில் முளைப்பது இவ்வாறுதான்.

செல்பேசியின் எழுத்துரு

பெயர் சேர்ந்தாலும் உள்ளடக்கம் தெரிய வேண்டும். இங்கேதான் கணினிக்கும் செல்பேசிக்கும் அடிப்படை வேறுபாடு எழுகிறது. லினக்ஸ் கணினியில் பயனர் தம் முகப்பு அடைவில் எழுத்துருக் கோப்பை வைத்தாலே போதும். மேலாளர் அனுமதி தேவையில்லை. திஸ்கி, டேப், பாமினி, டேஸ்-16 என எக்குறியாக்கமாயினும் உரிய எழுத்துரு இருந்தால் அது திரையில் தமிழாகத் தெரியும். 8 பிட் குறியாக்கங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தமைக்கு இந்த உரிமையே காரணம். செல்பேசியில் எழுத்துரு உற்பத்தியாளரின் சொத்து. அதை மாற்றும் உரிமை பொதுவாகப் பயனருக்குத் தரப்படவில்லை.

ஆகவே தொடக்க காலத்தில் செல்பேசியில் தமிழைக் காட்ட முனைந்தோர் எழுத்துருவைத் தம் மென்பொருளுக்குள்ளேயே சுமந்து சென்றனர். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. செல்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாத நிலையில் தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் அது வழிசெய்தது. ஒப்பேரா மினி உலாவியில், சிக்கலான எழுத்துகளைச் சேவையகத்திலேயே படமாக வரைந்து அனுப்பும் ஓர் அமைப்பு இருந்தது. அதைத் தேடி இயக்கிய பின்பே பலருக்குச் செல்பேசியில் தமிழ் இணையம் திறந்தது. குறுஞ்செய்தியிலும் இதே நெருக்கடி: ஆங்கிலத்தில் 160 எழுத்து செல்லும் ஒரு செய்தியில் ஒருங்குறித் தமிழ் 70 குறியீடுகளே செல்லும்.

ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்ததைப் பலரும் நினைவுகூர்வர். 2011இன் இறுதியில் வந்த 4.0 பதிப்பும் அதனை அடுத்து வந்தவையும் நிலைமையை மாற்றின. எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் லினக்ஸ் மேசைக் கணினிகளில் பயன்பட்டுவந்தது. அதுவே ஆண்ட்ராய்டிலும் இடம்பெற்றது. ஆண்ட்ராய்டின் உட்கருவும் லினக்ஸே. எனவே லினக்ஸ் கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு செல்பேசிக்கு ஒருங்குறிக் கோப்பு செல்வது உறவினர் வீட்டுக்குச் செல்வது போன்றது. இரு பக்கமும் யுடிஎஃப்-8, இரு பக்கமும் ஒரே எழுத்தொழுங்கு. இடையில் நிற்கும் எம்டிபி மட்டும் பெயரை 16 பிட்டுக்கு மாற்றி மீண்டும் 8 பிட்டுக்கு மாற்றுகிறது.

கோவை ஆணையின் இரு பாதிகளும் இங்குப் பிரிந்தன. டேஸ்-16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் எவ்வெழுத்தும் இல்லை என்றே உலகப் பொது மென்பொருள்கள் கொள்ளும். அரசு இலவசமாக வழங்கிய டேஸ் எழுத்துருக்களை லினக்ஸ் கணினியில் நிறுவிக்கொள்ள முடிந்தது. செல்பேசியில் முடியவில்லை. டேஸ்-16இல் எழுதிய கோப்பு ஒரு பைட்டும் குறையாமல் செல்பேசியை அடைந்து, திறந்தவுடன் கட்டங்களாக நின்றது.

டேஸ்-16ஐ ஆதரித்தோரின் வாதங்கள் பொய்யானவை அல்ல. தமிழின் 247 எழுத்துகளும் தனித்தனிக் குறியீடு பெற்றால் எழுத்தை எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் பிரிப்பதும் எளிது. கோப்பின் அளவும் குறையும். ‘கோவை’யைக் கொண்டே மேலே இது காட்டப்பட்டது. எனினும் அவ்வாதங்கள் அனைத்தும் எழுத்துருவைப் பயனர் தெரிவு செய்யும் உலகை முன்னிறுத்தியவை. அவ்வுலகம் செல்பேசியில் இல்லை. டேஸ்-16 தொழில்நுட்பத் தகுதியின்மையால் தோற்றது எனக் கூறுவதைவிட, அதைக் காட்டும் இடத்தின் திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தமையால் தோற்றது எனக் கூறுவதே பொருந்தும்.

மியன்மார் நாட்டு நிகழ்வு இதனை உறுதிப்படுத்துகிறது. அங்கு ஒருங்குறிக்கு இயைபில்லாத ஸாஜீ என்னும் எழுத்துருவைச் செல்பேசி விற்பனையாளர்கள் முன்கூட்டியே நிறுவி விற்றனர். அதனால் ஒருங்குறி பின்தங்கியது. 2019 அக்டோபர் 1 அன்று ஒருங்குறிக்கு மாறும் நாளென அந்நாடு அறிவிக்கும் வரை நாட்டு மக்கள் இரு குறியாக்கங்களுக்கிடையே அல்லலுற்றனர். தமிழ்நாட்டில் ஒருங்குறி வென்றதும் மியன்மாரில் நெடுங்காலம் தோற்றதும் ஒரே காரணத்தால்: கையிலுள்ள கருவியில் எது முன்பே இருந்தது என்பதே அக்காரணம். கோவை ஆணை ஒருங்குறியை முதலிடத்தில் வைத்தமை நற்பேறு எனலாம். ஆணை டேஸ்-16ஐ மட்டும் ஏற்றிருந்தால் அரசின் கோப்புகள் மக்களின் செல்பேசிகளில் படிக்க முடியாதவையாகியிருக்கும்.

பள்ளி மடிக்கணினியும் ஆறு அங்குலப் புத்தகமும்

ஆணைக்கு அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம், தாராபுரம் எனக் கொங்கு வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர் வீடுகளிலும் யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த கணினி ஒன்று இவ்வாறு நுழைந்தது. அதைப் பலர் திறந்தும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி. ஆயினும் தமிழ் இடைமுகமும் தமிழ் எழுத்துருவும் கொண்ட லினக்ஸ் கணினியும் தமிழ் தெரியும் செல்பேசியும் ஒரே வீட்டில் அமைந்தது இக்காலத்திலேதான்.

அவ்வீடுகளில் கோப்பு எவ்வடிவில் செல்ல வேண்டும் என்னும் கேள்விக்குக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடைமுறை விடை கண்டனர். கணியம் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன் முதலியோர் நடத்தும் கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டம், ஒவ்வொரு நூலையும் இ-பப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் என நான்கு வடிவங்களில் வெளியிட்டது. ஆறு அங்குல வடிவம் சிறிய திரைக்குரியது. பிடிஎஃப் தன் எழுத்துருவைத் தானே சுமப்பதால் தமிழ் தெரியாத செல்பேசியிலும் நூல் தெரியும். செல்லினம் மென்பொருளுக்குள் செய்ததை இது கோப்புக்குள் செய்தது. இ-பப் வடிவமோ செல்பேசியின் எழுத்துருவை நம்பியது. பின்னாளில் திரைக்கேற்ப எழுத்தளவை மாற்றிப் படிக்க அதுவே ஏற்றதாயிற்று.

கம்பியின் தேவையும் படிப்படியாகக் குறைந்தது. கேடிஇ கனெக்ட் முதலிய மென்பொருள்கள் வீட்டு வைஃபை வழியாக லினக்ஸ் கணினியையும் செல்பேசியையும் இணைத்தன. இவற்றில் தமிழ்ப் பெயரும் தமிழ் உள்ளடக்கமும் தனி ஏற்பாடின்றிச் செல்கின்றன.

எஞ்சிய கோப்புகள்

ஒருங்குறிக்கு முந்திய கோப்புகளின் நிலை வேறு. கோவை, ஈரோடு, திருப்பூர் அச்சகங்களின் பழைய வன்தட்டுகளிலும் குறுவட்டுகளிலும் பாமினியிலோ வானவிலிலோ தட்டச்சான மலர்கள், தல வரலாறுகள், கல்லூரி ஆய்வேடுகள் தங்கியிருக்கின்றன. கோப்பு எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்னும் செய்தி வெற்றுரைக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை; யூனிக்ஸும் அதைக் குறித்து வைப்பதில்லை. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிவாகிறது. செல்பேசிக்கு அனுப்பினால் அது கட்டமாகவும் தெரியாது. பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது ஆங்கிலமே.

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகம் இதற்கு ஒரு வழி தருகிறது. அதன் ஒரு பகுதி, கோப்பில் வரும் தனித்த எழுத்துச் சேர்க்கைகளைக் கொண்டு குறியாக்கத்தை ஊகித்து ஒருங்குறிக்கு மாற்றுகிறது. நீண்ட உரையில் ஊகம் எளிது. இரண்டு சொல் தலைப்பிலோ பெயர்ப் பட்டியலிலோ ஊகிக்கப் போதிய அடையாளம் கிடைக்காமல் போகலாம். அங்கே அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தவரோ அச்சகத்தாரோ எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார் என்பதை நினைவிலிருந்து சொன்னால்தான் உண்டு.